மச்சான் பிடித்த கயிறு

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைத் தவிரப் பேரின்பத்துக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. தலைக்கு மேலே மூன்று ஆள் உயரத் தண்ணீர், அதற்கு மேலே படகின் கறுத்த அடிவயிறு, அந்தப் படகில் மச்சான் வில்வன். காலுக்கு நேர் கீழே, ஊர் பீங்கான் கப்பல் என்று கூப்பிடுகிற மூழ்கிய கப்பல். அதன் பின்பக்கம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் சேற்றுக்குள் கிடக்கிறது. ஆழத்துக்குப் போய் வருகிறவன் பாதி வழியில் இப்படி நின்று, உடம்பில் ஊறிய காற்றை மெல்ல மெல்ல வெளியே போகவிட்டு, அதற்குப் பிறகுதான் மேலே வர வேண்டும், ஒரேயடியாக வந்தால் கை கால் விழுந்துவிடும். எவ்வளவு நேரம் என்று கையில் கட்டியிருக்கிற கடிகாரம் சொல்லும். அது இன்னும் போகச் சொல்லவில்லை. வெள்ளைக்காரரைக் கப்பல் பார்க்கக் கூட்டிப்போகிற வேலைக்கு ஹோட்டலில் சேர்த்தபோது முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதைத்தான். நில், அவசரப்படாதே, சும்மா நில். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருக்க, பேரின்பம் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி வெளியே வந்து தென்னைக்குப் பின்னால் நின்று அழுதான். இவ்வளவுதானா? சும்மா நின்றிருந்தால் போதுமா? ஏதோ மருந்து, ஏதோ மந்திரம், தங்களுக்கு எட்டாத பெரிய வித்தை என்று நினைத்திருந்ததெல்லாம் வெறுமனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பதுதானா? இப்போது நிற்கிறான். நன்றாகத்தான் நிற்கிறான். மேலே போனதும் வில்வன் கேட்பான், பார்த்தாச்சுதானே மச்சான், இனி என்னை இறக்கு என்பான். அதற்கு ஒரு பதில் வேண்டும். நீரோட்டம் இழுக்கிறது என்று சொல்லலாம் என்றால் கயிறு ஆடாமல் நிற்கிறது. தண்ணீர் கலங்கல் என்று சொல்லலாம் என்றால் பாழாய்ப்போன கடல் இன்றைக்கென்று கண்ணாடியாய்க் கிடக்கிறது. மேலே இருந்து குனிந்தாலே அவனுக்குக் கப்பலின் சரிந்த பாய்மரம் தெரியும். அவன் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பான், வேறு என்ன வேலை அவனுக்கு?

பாய்மரத் தலை இரண்டு கை எட்டும் தூரத்தில் நிற்கிறது. அதைச் சுற்றிப் பாரை மீன் குஞ்சுகள். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் எரிந்து இறங்கிய கப்பல். திருக்கோணமலையே மூட்டை முடிச்சோடு காட்டுக்குள் ஓடிப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது, குடாக் கரை முழுக்கப் பீங்கான் கோப்பையும் தட்டும் ஒதுங்கிக் கிடந்ததாம். நீலக்கரை போட்ட தட்டுகள். அதை எடுத்துக்கொண்டு போகாத வீடு ஊரில் இல்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தத் தட்டில்தான் பலகாரம் வைப்பார்கள். செத்தவனுடைய தட்டில் சீனி அரியதரம் என்று வில்வன் அந்தக் காலத்தில் பகிடி பண்ணுவான், பண்ணிக்கொண்டே இரண்டை வாயில் போடுவான். யாருடைய போரோ. யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, தட்டு மட்டும் தெரியும். பிறகு சொந்தப் போர் வந்தது. மீன்பிடிக்கப் போகவிடாமல் கடலை அடைத்தார்கள், திறந்தார்கள், மறுபடி அடைத்தார்கள். மீன் இல்லாத வீட்டில் இரும்புக்கும் பித்தளைக்கும் ஆசை வந்தது. பழைய போரில் செத்த கப்பலை அறுத்துப் புதுப் போரில் சோறு தின்றோம் என்று நினைக்கும்போது பேரின்பத்துக்கு வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்போல் இருக்கிறது. சிரித்தால் தண்ணீர் புகுந்துவிடும். கப்பலுக்குள் செத்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது. எஞ்சின் அறைக்குள் கை வைக்கும்போது பேய் ஓட்டுகிற கட்டாடியாரிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள், அது தண்ணீரில் தொட்டதும் கரைந்துவிடும் என்பதை ஒருவரும் யோசித்ததில்லை. சளி பிடித்திருந்தது. அன்றைக்குத் தனக்குச் சளி பிடித்திருந்தது. அதில் சந்தேகம் இல்லை.

இல்லையா? சுழன்று சுழன்று எப்போதும் இங்கேதான் வந்து முட்டுகிறது. ஊர் வழக்கம் ஒன்று உண்டு, சங்கு குளித்த காலத்திலிருந்து வருவது: கடலுக்குள் இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் மேலே பிடிக்க வேண்டும். தகப்பன் பிடிக்கக்கூடாது, கூடப் பிறந்தவன் பிடிக்கக்கூடாது. கூடப் பிறந்தவனுக்குச் சொத்தில் கண் இருக்கும், கூட்டாளிக்குப் பங்கில் கண் இருக்கும். மச்சானுக்கு மட்டும்தான் தன் தங்கச்சியின் தாலியில் கண் இருக்கும். ஆகவே பேரின்பம் இறங்குவான், பெண்டாட்டி தவமலரின் அண்ணன் வில்வராசா என்கிற வில்வன் கயிற்றைப் பிடிப்பான், கலியாணமான நாளிலிருந்து அப்படித்தான். காற்று மெசின் படபடவென்று படகில் ஓடும், குழாய் வழியே பெட்ரோல் நாற்றத்தோடு காற்று வரும், இடுப்பில் கயிறு. கயிற்றை ஒருமுறை சுண்டினால் சுகமா என்று கேள்வி. விடாமல் இழுத்தால் இருக்கிறதைப் போட்டுவிட்டு உடனே வா என்று அர்த்தம். ஏன் எதற்கு என்று கீழே இருக்கிறவன் கேட்க வழியில்லை. அவனுக்குக் கண்ணும் காதும் மேலே இருக்கிறவன்தான். அன்றைக்குப் பேரின்பத்துக்குச் சளி. சளியோடு இறங்கினால் காது வெடிக்கும். அப்போ நான் போறன், நீ கயிறைப் பிடி என்று வில்வன் சொன்னான். ஒரு நாளைக்குத்தானே மச்சான், ஒரு பித்தளை வளையம்தானே, ஆட்டி ஆட்டிக் கழற்றி வைத்தாச்சு, எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்றான். வில்வனுக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை, கயிறு பிடிக்க அவனுக்கென்று பெண்டாட்டி வழி மச்சான் இல்லை. வழக்கத்தை ஒரு நாள் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் சளி எவ்வளவு? மூக்கு அடைத்திருந்ததா, அல்லது முதல் நாள் எஞ்சின் அறையில் கையில் தட்டுப்பட்ட, காலில் போடுகிற தோல் சப்பாத்தும் அதற்குள் இருந்த ஏதோ ஒன்றும் இரவெல்லாம் நித்திரை கொள்ள விடாததால் மூக்கு அடைத்ததுபோல் இருந்ததா? தவமலர் அன்று காலை கொத்தமல்லி அவித்துத் தந்தாள். ஆகவே சளி இருந்திருக்கிறது. சளி என்று அவன் சொன்னதால்தான் அவள் அவித்தாள். எந்தப் பக்கத்தால் போனாலும் இந்தச் சுவர்.

சமாதானம் என்று பெயர் வைத்திருந்த காலத்தின் கடைசிப் பகுதி அது. முனைக்குப் பின்னாலிருந்து நேவியின் சாம்பல் நிறப் படகு தலை நீட்டியதைப் பேரின்பம் கண்டான். தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. திரும்பியிருந்ததுபோல் இருந்தது. கப்பலில் கை வைத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள், போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததாகச் சொல்ல முடியாது. யோசிக்க நேரம் இருந்தது, அதுதான் கொடுமை. ஒரு வெற்றிலை போடுகிற நேரமாவது இருந்தது. யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். கப்பலின் பின்பக்கத்து ஆழத்தில் வெகு நேரமாய்க் கிடந்த வில்வன் வளையத்தைப் போட்டுவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்தான். வந்து படகைப் பிடித்துக்கொண்டு, எங்க நேவி என்று கேட்டான். நேவிப் படகு தன் பாட்டுக்குத் துறைமுகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இவர்களை அது பார்க்கவே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று வில்வன் சிரித்தான். கரைக்கு வந்து படகைத் தள்ளும்போது கால் விறைக்கிறது என்றான், மணலில் இருந்தான், பிறகு எழும்பவில்லை. அப்போதாவது சரியாக ஒன்றைச் செய்தார்களா? பழைய சங்குக்காரர் ஒருவர் ஓடி வந்து, திரும்ப இறக்குங்கோ, கீழ கொண்டு போய் வச்சு மெல்ல ஏத்துங்கோ என்று கத்தினார். அடித்த கடலுக்குள்ளேயே திரும்பக் கொண்டுபோய்ப் போடச் சொல்கிறாரே, கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். தள்ளிய கைகளில் பேரின்பத்தின் கையும் ஒன்று. கப்பலில் செத்தவன் ஒருத்தன் காலைப் பிடித்திருக்கிறான் என்று கட்டாடியார் சொன்னதை ஊர் முழுதும் நம்பியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே இறங்கினாய் என்று கேள்வி வரும், கட்டாடியார் கேட்கமாட்டார். விடியும்வரை கழிப்புக் கழித்தார்கள். வெள்ளைக்காரப் பேய் என்பதால் சாராயமும் சிகரெட்டும் வைத்துக் கழித்தார்கள். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் வழியும் முகத்தோடு வில்வன் தன் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரவிலேயே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது அடுத்த நாள் பின்னேரம்.

கடிகாரம் இன்னும் விடவில்லை. குளிர்கிறது. இந்த ஆழத்தில் குளிர்கிற தண்ணீர் இல்லை, ஆனாலும் குளிர்கிறது. வில்வன் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பேரின்பம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான், சண்டை வந்திருக்கும், ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசியிருப்பார்கள். தினமும் காலையில் அவனைத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோய் இருத்தி, வெளியே நின்று, முடிஞ்சுதா என்று கேட்டு, கழுவிவிட்டுத் தூக்கிக்கொண்டு வரும்போது, வில்வன் காதுக்குப் பக்கத்தில் ஊர்ப் புதினம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்காதே என்று கத்த வேண்டும்போல் இருக்கும். தவமலரும் அப்படித்தான், அண்ணனுக்குப் புண் கட்டுவாள், புருஷனுக்குச் சோறு போடுவாள், இரண்டையும் ஒரே முகத்தோடு செய்வாள். இன்று காலையில்தான் முதல்முறை ஒன்று அவள் வாயிலிருந்து விழுந்தது. வில்வன் ஒரு வாரமாய் அரித்துக்கொண்டிருந்தான். கரையில நான் ஒரு மூட்டை மச்சான், ஆராவது தூக்கினாத்தான் உண்டு, தண்ணிக்குள்ள மூட்டைக்குப் பாரமில்ல, என்னை அந்தக் கப்பலில ஒருக்கா இறக்கு என்று. சரி என்று எந்த நேரத்தில் வாய் சொன்னதோ. ஊரே பார்த்திருக்க அவனைக் கைக்குழந்தையாய்த் தூக்கிப் படகில் இருத்தியபோது தவமலர் கரையில் நின்று, இஞ்சேருங்க, இந்தமுறையாவது முழுசாக் கொண்டு வாங்க என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். வில்வன் கேட்காததுபோல் எஞ்சினைத் தட்டினான். இந்தமுறையாவது. அப்படியென்றால் போனமுறை அவள் மனதில் எப்போதும் இருந்திருக்கிறது, சோறு போடும்போது இருந்திருக்கிறது, பக்கத்தில் படுக்கும்போதும். இருக்கத்தானே செய்யும். அது பேரின்பத்தைச் சுடவில்லை. அவனைச் சுட்டது வேறு. படகில் வரும்போது வில்வன் சந்தோஷமாய் இருந்தான். அளவுக்கு மிஞ்சிய சந்தோஷம். தவமலரிடம் எதையோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்து, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுத் தன் ரேடியோவை அவனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். எதற்கு ரேடியோவைக் கொடுக்க வேண்டும்? கப்பலுக்குள் இறங்கி, அந்த இரும்புக்குள் கையைக் கோர்த்துக்கொண்டு, வாய்க்குழாயைத் துப்பிவிட்டு அங்கேயே இருந்துவிட்டால்? மூட்டைக்குப் பாரமில்லாத இடத்தில் மூட்டை ஏன் திரும்பி வர வேண்டும்? அதனால்தான், முதலில் நான் ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாறன் என்று பேரின்பம் சொன்னது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, இந்தக் கப்பல் அவனுக்கு வீட்டு முற்றம். பதில் யோசிக்கத்தான் இறங்கினான். சிலிண்டரோடு போகிறவனுக்குக் கயிறு எதற்கு என்று கேட்டதற்கு, கயிறில்லாட்டி மேல நான் என்னத்துக்கு என்று வில்வன் பிடிவாதமாய் இடுப்பில் கட்டிவிட்டான். பழைய முடிச்சு.

சத்தம் கேட்கிறது. எஞ்சின். தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது, எல்லாப் பக்கத்தாலும் வரும், மண்டைக்குள்ளிருந்தே வருவதுபோல் வரும். மீன் போட் இல்லை, இது கனத்த எஞ்சின். பெரிதாகிறது. பெரிதாகி, மெதுவாகி, இரண்டாவது வயிறு ஒன்று வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வில்வனின் படகுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சாம்பல் நிறம். போர் முடிந்துவிட்டது, ஆனாலும் கப்பலில் கை வைக்கிறவர்களைப் பிடிக்கிறார்கள், இப்போது சட்டத்தோடு பிடிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பேரின்பத்தின் சட்டைப் பைக்குள் ஹோட்டல் கொடுத்த அடையாள அட்டை இருக்கிறது, சட்டை படகில் கிடக்கிறது, கடவுளே, பைக்குள் அட்டை இருப்பது வில்வனுக்குத் தெரியுமா? கால் விளங்காதவன் ஒருத்தன் கப்பலுக்கு மேலே தனியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கீழே யார் என்று கேட்பார்கள். கூப்பிடு என்பார்கள். அதட்டுவார்கள். எழும்பு என்பார்கள், எழும்பமாட்டான், அதற்கும் அதட்டுவார்கள். இப்போது இழுப்பான். இதோ இழுப்பான். இழுத்தே ஆக வேண்டும், வேறு என்ன செய்ய முடியும் அவனால்? கடிகாரம் இன்னும் நில் என்கிறது. பேரின்பம் தன் இடக்கையைப் பார்த்தான். நங்கூரக் கயிற்றிலிருந்து அது தானாகவே விரல் விரலாய்க் கழன்றுகொண்டிருந்தது. இழுப்பு வந்தால் இந்தக் கை கடிகாரத்தைக் கேட்காது, வகுப்பில் படித்ததைக் கேட்காது, எழும்பிப் போய்விடும். இழுக்கட்டும். இழுத்து, நான் போய், எனக்கும் அப்படி ஆகி, கணக்குத் தீரட்டும். நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பு அவனுக்கு அருவருப்பாய் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. இடுப்புக் கயிறு தொய்ந்தபடியே கிடந்தது. மேலே யாரோ காலால் படகைத் தட்டுகிற சத்தம். கயிறு அசையவில்லை. வில்வன் மறந்துவிட்டானா, கையிலிருந்து பறித்துவிட்டார்களா? கயிறு அசையவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு கனத்த எஞ்சின் உறுமி, அந்த வயிறு விலகி, வெளிச்சம் மறுபடி பாய்மரத்தின்மேல் விழுந்தது. கடிகாரம் போகலாம் என்றது. பேரின்பம் இன்னும் கொஞ்சம் நின்றான், முகக் கண்ணாடிக்குள் கண்ணீர் கட்டியிருந்தால் மேலே போனதும் தெரிந்துவிடும் என்று.

மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தபோது வில்வன் கயிற்றை மடித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்துக் கன்னம் சிவந்திருந்தது, வெயிலால் என்று சொல்ல முடியாது.

"ஆர் வந்தது?" என்றான் பேரின்பம்.

"நேவி. கீழ ஆர், என்ன எடுக்கிறான் எண்டு கேட்டாங்கள். ஹோட்டல் ஆள், ஒண்டும் எடுக்கேல்ல எண்டன். உடன மேல கூப்பிடு எண்டு ஒருத்தன் ஒரே பிடியா நிண்டவன்."

"பிறகு?"

"கூப்பிட ஏலாது ஐயா, அவர் வர நேரமெடுக்கும், இருந்து பாத்திட்டுப் போங்கோ எண்டன். கத்தினான். சின்னப் பொடியன், இந்த வருஷந்தான் சேந்திருப்பான். பெரியவன் ஒருத்தன் வந்து என்ர காலைப் பாத்தான். உன்ர சட்டையைக் குடுத்தன், அட்டையைப் பாத்திட்டுப் போயிட்டாங்கள்."

"கயித்தை இழுத்திருக்கலாமே. ஏன் அடி வாங்கினாய்?"

"இழுத்தா நீ வந்திருப்பாய்," என்றான் வில்வன்.

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்பதுபோல் சொன்னான். பேரின்பம் படகில் ஏறி, சிலிண்டரைக் கழற்றி வைத்தான். தன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தான், வில்வனின் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். இரண்டாவது சிலிண்டரை அவன் முதுகில் ஏற்றினான். வில்வனின் தோள்கள் இன்னும் நல்ல உறுதி, கையாலேயே நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கிவிடுவான், ஏறவும் அவனால் முடியும். முடியும் என்பது வேறு, ஏறுவான் என்பது வேறு.

"பாய்மரத் தலை மட்டுந்தான். அங்கால ஒரு சாணும் போகக்கூடாது."

"சரி."

"நான் மேலதான் இருப்பன். கயிறு என்ர கையில."

"தெரியும்."

வில்வன் கண்ணாடிக்குள் துப்பித் தேய்த்துக் கடலில் அலசினான். விளிம்பில் ஏற்றி இருத்திய பிறகும் பேரின்பம் அவன் கக்கத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்காமல் விடவேண்டும் என்றுதான் நினைத்தான்.

"நான் இழுத்தா வருவியா?"

வில்வன் கண்ணாடியை நெற்றியில் நிறுத்திக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்டைக்கு வந்தனான்தானே மச்சான்."

பேரின்பம் கயிற்றை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவனை மெல்லத் தண்ணீரில் விட்டான்.